கொலைகாரியின் எட்டு மணி நேரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'ட்வெல்வ் மினிட்ஸ்' என்ற கணினி கேமை விளையாடத் தொடங்கினேன். சின்ன ஃப்ளாட், கணவன், மனைவி. போலீஸ் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் உள்ளே வந்து மனைவியைக் கொலைகாரி என்கிறான், கணவனைக் கழுத்தை நெரிக்கிறான். உடனே எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. மனைவியின் தண்ணீரில் தூக்க மாத்திரை கலந்தால்தான் கதை நகரும் என்று தெரிந்ததும் மூடிவிட்டேன். பிடிக்காத ஒருவனாக நான் எதற்கு ஆடவேண்டும்? வாக்த்ரூ, அதாவது படிப்படியாக விடை சொல்லும் வழிகாட்டி, பார்த்து முடித்துவிடலாமா? பெரிய நடிகர்களின் குரல் என்பதால்தான் வாங்கினேன். நல்ல மனிதர் நாயகராக வரும் குட்டி மர்ம கேம் ஏதாவது சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஜேம்ஸ் மெக்அவாய், டெய்ஸி ரிட்லி, வில்லெம் டஃபோ மூவரும் கொடுத்த வேலையைச் செய்திருக்கிறார்கள். அதற்காக ஒரு கேமை வாங்காதீர்கள். வாக்த்ரூவும் வேண்டாம். மர்ம கேமில் யோசிப்பதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மௌஸை நகர்த்துவது மட்டும்தான்.

மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினீர்களே, அந்தத் தயக்கத்தை விட்டுவிடாதீர்கள். ஆனால் அதற்கு நீங்கள் சொல்லும் காரணம் தவறு. கணவன் கெட்டவன் என்பதல்ல சிக்கல். அவன் அதைச் செய்யக் காரணமே இல்லை என்பதுதான் சிக்கல்.

நடப்பதைப் பாருங்கள். குளியலறை அலமாரியில் மாத்திரை இருக்கிறது. சமையலறையில் தண்ணீர் பிடித்துக் கலந்து கொடுத்தால் மனைவி குடித்துவிட்டுப் படுக்கப் போகிறாள். படுக்கையறை விளக்கு சுவிட்சில் கோளாறு. ஒருமுறை தட்டினால் பொறி பறக்கும், இன்னொரு முறை தட்டுபவர் சுருண்டு விழுவார். ஆகவே நீங்கள் ஒருமுறை தட்டிவிட்டு அலமாரிக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும். வந்தவன் இருட்டில் சுவிட்சைத் தேடித் தட்டி விழுவான். அவசரத்தில் நீங்களே இரண்டாம் முறையும் தொட்டால் விழுவது நீங்கள், எல்லாம் மறுபடி முதலிலிருந்து. புதிராக இது கச்சிதம். ஆனால் இதை யோசித்தது யார்? கணவனா? இல்லை, நீங்கள். எதைத் தொட்டால் என்ன ஆகும் என்று பார்க்கும் ஆர்வம் உங்களுடையது, மனைவி அவனுடையவள். உங்கள் ஆர்வத்துக்காக அவன் அவளுக்கு மாத்திரை கொடுக்கிறான். பூட்டைத் திறக்க வேண்டும், அவள் பூட்டாகிவிட்டாள். உங்கள் கை கூசியது அதனால்தான்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 'ட்வெல்வ் மினிட்ஸ்' வந்த அதே 2021இல், அதற்கு இரண்டு மாதம் முன்பு ஜூனில் வந்த 'ஓவர்போர்ட்' கேமை வைத்துப் பாருங்கள். செய்தவர்கள் கேம்பிரிட்ஜின் இன்கிள் நிறுவனம், '80 டேஸ்' கேமைச் செய்தவர்கள். 1935 ஜூலை, எஸ்.எஸ். ஹூக் என்ற கப்பல் நியூயார்க்கை நெருங்குகிறது. வெரோனிகா வில்லன்ஸி என்ற நடிகை இரவில் கணவன் மால்கமைக் கடலில் தள்ளிவிட்டாள். காலையில் கண்விழிக்கிறாள். கரை சேர எட்டு மணி நேரம். கொலை செய்தது யார் என்ற கேள்வியே இல்லை, அது நீங்கள்தான். பொய்க்காரி, பேராசைக்காரி, எந்த நல்ல குணத்தையும் காட்டி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டாள். ஆனாலும் கை கூசாது. அவளுக்கு வேண்டியதும் உங்களுக்கு வேண்டியதும் ஒன்றே: மாட்டிக்கொள்ளக் கூடாது. அவள் பொய் சொல்லும்போது நீங்களும் அவளோடு சேர்ந்தே பொய் சொல்கிறீர்கள். பிடிக்காத நாயகியோடு கடைசிவரை கூடப் போக முடிவது இந்த ஒரு பொருத்தத்தால். நல்லவளாகக் காட்டிச் சரிக்கட்டியிருந்தால் கேம் கெட்டிருக்கும்.

இதற்கு அடியில் இருக்கும் வேலையும் அழகானது. இன்கிள் தங்கள் கதைகளுக்கென்று உருவாக்கிய 'இங்க்' என்ற நிரல் மொழி, கதையின் ஒவ்வொரு பகுதியையும் ஆடுபவர் எத்தனை முறை கடந்தார் என்று தானே கணக்கு வைத்துக்கொள்ளும். அதனால்தான் யாரிடம் எதைச் சொன்னீர்கள் என்பது கேமுக்கு மறப்பதில்லை. ஒருவரிடம் கணவர் தூங்குகிறார் என்றும் இன்னொருவரிடம் மேல்தளத்துக்குப் போனார் என்றும் சொல்லிவிட்டு நகர்ந்தால், அந்த இருவரும் பிறகு பேசிக்கொள்வார்கள். எல்லாரும் தத்தம் வேலையாகக் கப்பலில் நடமாடிக்கொண்டே இருக்கிறார்கள், உங்களுக்காக யாரும் காத்து நிற்பதில்லை. நீங்கள் பேசப் பேச, நடக்க நடக்கக் கடிகாரமும் நகரும்.

புதிதாக ஆடுபவர்கள் செய்யும் பிழை, முதல் ஆட்டத்திலேயே தப்பிக்கப் பார்ப்பது. ஒரு ஆட்டம் ஒரு மணி நேரம்கூட ஆகாது. முதல் சுற்றில் பிடிபடுங்கள். யார் எந்த நேரத்தில் எங்கே இருக்கிறார்கள், இரவில் எதைப் பார்த்தார்கள், கடைசியில் எந்தச் சாட்சி உங்களைக் கவிழ்த்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த சுற்றில் அந்த ஒரு சாட்சியை மட்டும் கவனியுங்கள், மற்றதைத் தொடாதீர்கள். ஒரே சுற்றில் மூன்று விஷயத்தை மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போகும். முன்பு தேர்ந்த வாக்கியங்களைக் கேம் அடையாளம் காட்டும், தெரிந்த பகுதியை வேகமாகத் தாண்டலாம். வழி தெரியாவிட்டால் கப்பலின் தேவாலயத்துக்குப் போய்ப் பிரார்த்தியுங்கள், குறிப்பு கிடைக்கும். வாக்த்ரூ கேட்டீர்களே, அது இதுதான், கேமுக்குள்ளேயே இருக்கிறது.

தப்பிப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். காப்பீட்டுப் பணத்தோடு தப்பிப்பது வேறு, பழியை வேறொருவர் மேல் போட்டுவிட்டுத் தப்பிப்பது வேறு. பின்னதற்கு இரண்டு மூன்று பேரின் நேரத்தை ஒன்றாகக் கோக்க வேண்டும். அங்கே மறுபடி தயங்குவீர்கள் என்று நினைக்கிறேன். தயங்கினால், எந்த ஆள் மேல் பழி போடும்போது என்பதை எழுதி அனுப்புங்கள். நல்ல மனிதர் வரும் கேமை அதற்குப் பிறகு பேசலாம்.