மீன்தொட்டியைப் படமெடுக்க ரா ஃபைலா, ஜேபெக்கா?

புதிதாக டிஎஸ்எல்ஆர் வாங்கியிருக்கிறேன், வீட்டு மீன்தொட்டியைத்தான் அதிகம் எடுக்கப் போகிறேன், எல்லோரும் ராவில் எடு என்கிறார்கள், அவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரா என்பது கேமராவுக்குள் ஒளியை வாங்கும் சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்; ஜேபெக் என்பது கேமராவே நிறம் திருத்திச் சுருக்கித் தரும் படம். என்னைக் கேட்டால் எது வேண்டும் என்பது விளக்கைப் பொறுத்தது. தொட்டி மேல் மாட்டியிருக்கும் எல்இடி வெளிச்சத்திலேயே எடுப்பதென்றால் ரா. மேலிருந்து ஃபிளாஷ் அடித்து எடுப்பதென்றால் ஜேபெக் தாராளமாகப் போதும்.

வெயில், நிழல், டியூப்லைட் மாதிரி வழக்கமான வெளிச்சத்தில் ஆட்டோ வொயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்வது, ஒழுங்காக வேலை செய்யும். செடித் தொட்டிக்கு விற்கும் எல்இடிகளில் பலவற்றில் சிவப்பும் நீலமும் தூக்கலாக இருக்கும். கேமரா குழம்பிப்போய் ஒரு படத்தைப் பச்சையாகவும் அடுத்ததை ஊதாவாகவும் தரும். ஜேபெக்கில் அந்த நிறம் படத்தோடு சேர்ந்தே பதிவாகிவிடும். அப்புறம் ஓரளவுக்குத்தான் இழுத்துச் சரிசெய்யலாம். ராவில் சென்சார் வாங்கிய அளவுகள் அப்படியே இருக்கும். வொயிட் பேலன்ஸ் ஃபைலோடு வரும் ஒரு குறிப்பு மட்டும்தான், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

பாதாம் இலை போட்டு வளர்ப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இலைச்சாறு இறங்கித் தண்ணீர் டிகாஷன் நிறத்தில் இருப்பதுதான் அந்தத் தொட்டியின் அழகே. கேமரா அதைக் குறை என்று நினைத்து நீலம் சேர்த்து வெளுத்துவிடும்.

பிட் கணக்கைப் பலரும் பெரிதாகச் சொல்வார்கள். ஜேபெக்கில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள், 14 பிட் ராவில் 16,384 படிகள். உண்மைதான், ஆனால் வெளிச்சம் சரியாக விழுந்த படத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. முழுத் தொட்டியையும் ஒரே படத்தில் எடுக்கும்போதுதான் தெரியும். மேலே தண்ணீர்ப் பரப்பு பளீரென்று இருக்கும், கீழே கறுப்பு மணலும் கட்டைக்கு அடியில் ஒளிந்திருக்கும் கோரிடோரஸ் மீனும் இருட்டில் கிடக்கும். அந்த இருட்டை ஜேபெக்கில் ஏற்றினால் பட்டை பட்டையாகவும் கட்டம் கட்டமாகவும் உடையும். ராவில் மணல் மணலாகவே வரும்.

சிவப்பு ஃபைட்டர் மீன் இருந்தால் நீங்களே சோதித்துப் பாருங்கள். ரா, ஜேபெக் இரண்டும் பதிவாகும்படி வைத்து ஒரு படம் எடுங்கள். ஜேபெக்கைப் பெரிதாக்கினால் உடம்பு பெரும்பாலும் ஒரே சிவப்புத் திட்டாக இருக்கும். ஒரு செதில் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அதே படத்தின் ராவைத் திறந்து எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சத்தைப் பாதியாக) இறக்கினால் செதில் வரிசையும் துடுப்பு நரம்புகளும் வந்து நிற்கும். காரணம் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் சென்சாரின் சிவப்பு பிக்சல்கள் பச்சையைவிடக் குறைவாகத்தான் ஒளி வாங்கும். அதைச் சமன்செய்ய கேமரா சிவப்பை ஏறக்குறைய இரண்டால் பெருக்கிவிட்டுத்தான் ஜேபெக் செய்கிறது. ஏற்கெனவே செக்கச்செவேல் என்று இருக்கும் மீனில் அந்தப் பெருக்கல் ஜேபெக்கின் உச்ச அளவான 255-ஐ முட்டி நின்றுவிடும். சென்சாரில் இன்னும் இடம் இருந்தது, ஜேபெக்கில்தான் இல்லை. படத்தில் வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று கேமரா காட்டும் சாதாரண ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் இது தெரியாது, சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமை ஆன் செய்துகொள்ளுங்கள்.

பவளம் வளர்க்கும் கடல் தொட்டி என்றால் ராவும் முழுசாகக் காப்பாற்றாது. அந்த விளக்குகளின் வெளிச்சம் பெரும்பாலும் 420 முதல் 460 நானோமீட்டர் வரை, அதாவது நீலமும் ஊதாவும். பல கேமராக்களில் வொயிட் பேலன்ஸ் 10,000 கெல்வினோடு (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) நின்றுவிடுகிறது. மென்பொருளில் அதற்கு மேலும் போகலாம் என்றாலும், நீலம் சென்சாரிலேயே நிரம்பி வழிந்திருந்தால் மீட்க எதுவும் இல்லை. சிவப்போ காலியாக இருக்கும், ஏற்றினால் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும். லென்ஸ் முன்னால் மஞ்சள் அல்லது ஆரஞ்சு ஃபில்டர் மாட்டுங்கள், இல்லையென்றால் படமெடுக்கும் சில நிமிடங்களுக்கு விளக்கில் நீலத்தைக் குறைத்து வெள்ளையை ஏற்றுங்கள்.

கண்ணாடிக்குச் சாய்வாக நின்று எடுத்ததால் வரும் மங்கலையும், மங்கலாக்கிய எல்இடி வேக ஷட்டரில் போடும் கறுப்புக் கோடுகளையும், மீன் அசைந்த கலங்கலையும் எந்த ஃபார்மேட்டாலும் திருத்த முடியாது. ராவில் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வரட்டும்!

சரி, ஃபிளாஷ். தொட்டியின் மேல் கனமான கண்ணாடித் தகடு வைத்து, அதன்மேல் ஃபிளாஷைக் கீழ்நோக்கி வைத்து, வயர்லெஸ் ட்ரிக்கரால் இயக்குங்கள். ஷட்டர் 1/200, எஃப் 8, ஐஎஸ்ஓ 200 என்று வைத்தால் எல்இடி வெளிச்சம் படத்தில் அநேகமாகக் காணாமல் போகும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரே வெளிச்சம், ஒரே நிறம். வொயிட் பேலன்ஸை ஃபிளாஷ் என்று பூட்டிவிட்டால் ஜேபெக்கே கச்சிதமாக வரும். கேமராவின் வேகமும் மிச்சமாகும். ஆரம்பநிலை கேமராக்கள் பலவும் ராவில் சில படங்களைத் தொடர்ந்து எடுத்ததுமே உள்ளிருக்கும் தற்காலிக மெமரி நிரம்பித் திணறும், அந்த நேரம் பார்த்துத்தான் இரண்டு ஆண் மீன்கள் துடுப்பை விரித்துக்கொண்டு மோதும்.

போனில் எடுப்பவர்கள் ராவுக்கு அவசரப்பட வேண்டாம். போன் தரும் ஜேபெக், பல ஃப்ரேம்களைச் சேர்த்து நாய்ஸைக் குறைத்தது. ப்ரோ மோடில் வரும் டிஎன்ஜி, அதாவது போனின் ரா ஃபைல், பல போன்களில் ஒற்றை ஃப்ரேம்தான், மங்கிய தொட்டியில் அது இன்னும் மோசமாகத் தெரியலாம்.

இப்போதைக்கு கேமராவில் ரா+ஜேபெக் இரண்டையும் ஆன் செய்துவையுங்கள். எடிட் செய்ய டார்க்டேபிள், ராதெரபி இரண்டுமே இலவசம். எடுக்க உட்காரும்போது முதல் படமாக, மீன்கள் நீந்தும் இடத்தில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூனைத் தண்ணீருக்குள் பிடித்து ஒரு கிளிக் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு மென்பொருளில் அந்த ஸ்பூனைத் தொட்டு வொயிட் பேலன்ஸ் எடுத்து, அன்றைய எல்லாப் படங்களுக்கும் ஒரே அடியாகப் போட்டுவிடலாம். பாதாம் இலைத் தொட்டிக்கு மட்டும் ஸ்பூனைத் தண்ணீருக்கு வெளியே, அதே விளக்கின் கீழே பிடியுங்கள். இல்லாவிட்டால் டிகாஷன் நிறம் போய்விடும்.