ஹால்ஸ்டாட்டுக்குப் பதில் வாஹாவ் போங்கள்

ஞாயிறு ஒரே நாளில் வியன்னாவிலிருந்து ஏரிக்கரை ஊரான ஹால்ஸ்டாட் போய்த் திரும்பலாமா, கையில் காசும் குறைவு என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். போக மட்டுமே மூன்று மணி நேரத்துக்கு மேல் ரயில், இறங்கியதும் ஏரியைக் கடக்கப் படகு. பாதி நாள் பயணத்திலேயே போய்விடும்.

பேசாமல் டானூப் ஆற்றோரம் இருக்கும் வாஹாவ் பள்ளத்தாக்குக்குப் போங்கள். காலையில் மெல்க் மடாலயம், அப்புறம் டானூபை ஒட்டி ஓடும் 715 பேருந்தில் டூர்ன்ஸ்டைன் என்ற சிற்றூர். அங்கே மேலே இருக்கும் இடிந்த கோட்டைக்குக் கட்டாயம் ஏறுங்கள். இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டை 1192 கடைசியில் அடைத்துவைத்த இடம். கற்படிகள் கரடுமுரடு, நல்ல ஷூ போடுங்கள். மேலிருந்து பார்த்தால் ஆறு வளைவதும் திராட்சைத் தோட்டப் படிக்கட்டுகளும் அப்படியே தெரியும். திரும்ப, அதே பேருந்தில் கிரெம்ஸ் ஊருக்குப் போனால் அங்கிருந்து வியன்னாவுக்கு நேரடி ரயில்.

நண்பர் ஒருவரையாவது சேர்த்துக்கொண்டால் ஆஸ்திரிய ரயில்வேயின் 'ஐன்ஃபாக் ரௌஸ்' குழுச் சீட்டு எடுக்கலாம், 2 முதல் 5 பேர் வரை. வட்டார ரயில்களில் மட்டும் செல்லும், பேருந்துக்குத் தனிச் சீட்டு. ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், சாப்பாட்டைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.