அட்டையைக் காட்டினால் ஓடுகிறான், தண்ணீரை விட்டு வரமாட்டேன் என்கிறான்

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது இரண்டு மாதம். எழுத்து அட்டை, எண் அட்டை எல்லாம் வாங்கி வைத்து, தினமும் காலையில் உட்கார வைக்கிறேன். இரண்டு நிமிடத்தில் எழுந்து ஓடிவிடுகிறான். அதே பையன் குளியலறை பக்கெட்டில் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டு இருபது நிமிடம் நிற்கிறான். மற்ற நேரத்தில் கையில் கிடைப்பதையெல்லாம் வீசுகிறான். "அப்பா வா", "தண்ணி வேணும்" என்று இரண்டு இரண்டு வார்த்தையாகப் பேசுகிறான். பக்கத்து வீட்டுக் குழந்தை இருபது வரை எண்ணுகிறாள். பிள்ளையின் போக்கில் விட்டுக் கற்பிக்கலாம் என்கிறார்களே, அதை வீட்டில் எப்படிச் செய்வது? "தண்ணியில விளையாடினா படிப்பு வந்துடுமா" என்று மாமியார் கேட்கிறார்.

பதில்: இரண்டு வயதில் ஒரே வேலையில் இருபது நிமிடம் நிற்பது சாதாரண விஷயம் இல்லை. உங்கள் மகனுக்குக் கவனம் நிறையவே இருக்கிறது. அட்டையில்தான் அவனுக்குச் செய்ய வேலை இல்லை. அதைப் பார்க்கலாம், பெயர் சொல்லலாம், முடிந்தது. தண்ணீரோ ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி விழுகிறது.

அட்டைகளைப் பரணில் போடுங்கள். மூன்று நாள் எதுவும் கற்பிக்காமல், அவன் எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறான் என்று மட்டும் ஒரு நோட்டில் குறியுங்கள். "காலை 9.10, செருப்பை எடுத்துப் பையில் போட்டான், வெளியே கொட்டினான், ஆறு தடவை" என்ற அளவுக்குப் போதும். இந்த வயதில் ஊற்றுவது, வீசுவது, சுமந்துபோய் வேறிடத்தில் வைப்பது, எதையாவது எதற்குள்ளாவது போட்டு மூடுவது, சுழற்றுவது என்று ஒரே செயல் விதவிதமான பொருளில் திரும்பி வரும். அதை 'ஸ்கீமா' என்பார்கள். பெயர் முக்கியமில்லை, அடுத்து அவன் முன்னால் எதை வைக்கலாம் என்று அந்த நோட்டு சொல்லிவிடும்.

உங்கள் வீட்டில் அது தண்ணீர். முதல் காரியமாகப் பக்கெட்டை மாற்றுங்கள். இந்த வயதில் தலை கனம். எட்டிப் பார்க்கும்போது தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது. சில சென்டிமீட்டர் தண்ணீரே மூச்சை அடைக்கப் போதும். விளிம்பு உள்ள அகலமான தட்டு, அதில் இரண்டு விரல்கடை தண்ணீர், சின்னக் கைப்பிடி ஜக்கு ஒன்று, உடையாத கிண்ணம் இரண்டு. கீழே பழைய துண்டை விரியுங்கள். ஜக்கில் 100 மி.லி. போதும். நிறைய ஊற்றினால் கனம் தாங்காமல் மணிக்கட்டு சாய்ந்து மொத்தமாகக் கொட்டும், அதை "சேட்டை" என்று நினைத்துவிடுவோம். கை நீட்டினால் தொடும் தூரத்தில் நீங்கள் இருக்க வேண்டும். முடிந்ததும் தண்ணீரை உடனே கொட்டிவிட வேண்டும். பாதுகாப்பில் பிள்ளைக்கு ஓட்டு கிடையாது. எங்கே, எப்போது என்பது உங்கள் முடிவு. எதை, எப்படி, எவ்வளவு நேரம் என்பது அவனுடையது.

அவன் ஊற்றும்போது கண்ணைக் கவனியுங்கள். பெரும்பாலும் ஜக்கின் வாயைப் பார்ப்பான், கிண்ணத்தைப் பார்க்கமாட்டான், அதனால்தான் வழிகிறது. கிண்ணத்தின் வெளிப்பக்கம் பாதி உயரத்தில் ஒரு கலர் டேப்பைச் சுற்றி ஒட்டுங்கள். தண்ணீரில் சமையல் வண்ணம் ஒரு சொட்டு விட்டால் மட்டம் எடுப்பாகத் தெரியும். "இதுவரைக்கும் ஊத்து" என்று சொல்ல வேண்டாம், நீங்கள் ஒருமுறை மெதுவாக ஊற்றி டேப் வரை வந்ததும் நிறுத்துங்கள். அன்றைக்கே பிடித்துக்கொள்ளாமல் போகலாம். அதே தட்டை ஒரு வாரம் அப்படியே வைத்துவிட்டு, பிறகு ஒரே ஒரு பொருளை மாற்றுங்கள்: புனல், சல்லடை, அல்லது ஸ்பாஞ்சு. ஸ்பாஞ்சைப் பிழியும் விரல்கள்தான் பின்னாளில் பென்சில் பிடிக்கப்போகின்றன.

இங்கே பெரியவர்கள் சறுக்குவது வாயில்தான். "இது என்ன கலர்? எத்தனை கப் இருக்கு? சொல்லு சொல்லு." விளையாட்டு அந்த நிமிடமே பரீட்சை ஆகிவிடும், பிள்ளை எழுந்து போய்விடும். கேள்விக்குப் பதிலாக நடப்பதைச் சொல்லுங்கள். சொட்டுது, தளும்புது, வழியுது, சிந்திடுச்சு, காலி: தண்ணீருக்குத் தமிழில் சொல் எவ்வளவு இருக்கிறது! தளும்புவதற்கும் வழிவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்முன் பார்த்தபடி கேட்கும் குழந்தைக்கு அந்தச் சொல் ஒட்டிக்கொள்ளும். ஒன்று சொல்லிவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணும்வரை சும்மா இருங்கள். இது நினைப்பதைவிடக் கஷ்டம்.

"ஊற்றினால் சாக்லேட்" என்ற பேரமும் வேண்டாம். 2008இல் வெளியான ஓர் ஆய்வில், உதவி செய்ததற்குப் பரிசு பெற்ற 20 மாதக் குழந்தைகள் பிறகு உதவுவதைக் குறைத்துக்கொண்டார்கள். வெறும் பாராட்டு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு தெரியவில்லை. பாராட்டலாம், ஆனால் வேலை நடுவில் கைதட்டிக் கவனத்தைக் கலைக்காதீர்கள்.

வீசுவதை நிறுத்தச் சொல்லிப் பயனில்லை, பொருளை மாற்றிக் கொடுங்கள். சாக்ஸை உருட்டிப் பந்தாக்கி, துணிக்கூடையை இரண்டடி தள்ளி வையுங்கள். "ஸ்பூன் வேணாம், இதை வீசு" என்று ஒவ்வொரு முறையும் அதே வாக்கியம். நாலைந்து நாள் பொறுமை வேண்டும்.

பொம்மை எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே கிடந்தால் குறையுங்கள். 16 பொம்மை இருந்தபோதைவிட 4 பொம்மை மட்டும் இருந்தபோது ஒன்றரை முதல் இரண்டரை வயதுப் பிள்ளைகள் ஒவ்வொன்றோடும் கூடுதல் நேரம் விளையாடினார்கள் என்று 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. ஐந்தாறு பொருளைத் தாழ்வான அலமாரித் தட்டில் வையுங்கள், மீதியை மறையுங்கள். எதை ஒரு வாரமாகத் தொடவில்லையோ அதை மட்டும் மாற்றுங்கள். டிஷ்யூ ரோலின் அட்டைக் குழாய்க்குள் நுழையும் எந்தப் பொருளும் மூன்று வயதுவரை வேண்டாம். பட்டன் பேட்டரி உள்ள சாமான் வீட்டில் இருந்தால், மூடி ஸ்க்ரூ போட்டு இறுகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

பக்கத்து வீட்டுக் கணக்குக்கு வருவோம். இருபது வரை ஒப்பிப்பது பாட்டு மாதிரி. அந்தக் குழந்தையிடம் "மூணு ஸ்பூன் கொடு" என்று கேட்டால் அநேகமாகக் கைநிறைய அள்ளித்தான் தருவாள், அதில் தப்பில்லை. எண்ணி முடிக்கும் கடைசி எண்தான் மொத்தம் என்பது பெரும்பாலும் மூன்றரை, நான்கு வயதில் பிடிபடும். அதுவரை "ரெண்டு சாக்ஸ், ரெண்டு கால்" என்று போகிற போக்கில் சொன்னால் போதும்.

உங்கள் மகன் வார்த்தைகளைச் சேர்த்துப் பேசுகிறான் என்பதால் பேச்சைப் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டு வயது தாண்டியும் இரண்டு சொல் சேராத குழந்தை, கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, வந்த பேச்சை இழந்த குழந்தை என்றால் விளையாட்டை நம்பிக் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும். காது கேட்கும் திறனையும் பார்ப்பார்கள்.

மாமியாரிடம் வாதம் வேண்டாம். நாளை காலை, பிள்ளை தூங்கி எழுந்து வயிறு நிறைந்திருக்கும் நேரத்தில், தட்டுப் பக்கத்தில் அவருக்கு ஒரு ஸ்டூல் போடுங்கள். சிந்தியதைத் துடைக்கப் பையன் கையில் ஒரு சின்னத் துணி, அவர் கையில் ஒன்று. என்ன வேண்டுமானாலும் பேசட்டும், கேள்வி மட்டும் கேட்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.