விண்கப்பலுக்குக் கப்டன் ஆவது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடர்களை வைத்துச் செய்த ஸ்டார் ட்ரெக் ஒன்லைன் என்ற கணினி கேமைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சினிமா, சமையல், சீட்டுக் காசு பிரச்சினை எல்லாம் அடுத்த இதழில் பார்ப்போம், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: அண்ணா, நான் கம்பஸில் இரண்டாம் வருடம். அப்பாவோடு சேர்ந்து ஸ்டார் ட்ரெக் தொடர்களில் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' முழுக்கப் பார்த்து முடித்தேன். இனி கேமைத் தொடங்கலாம் என்றால், மற்றத் தொடர்களையும் பார்க்காவிட்டால் ஒன்றும் விளங்காது என்று நண்பன் வெருட்டுகிறான். உண்மையா? எந்தப் பக்கத்தில் சேர்ந்து தொடங்குவது? என்னிடம் பழைய லெப்டொப்தான் இருக்கிறது. – வெள்ளவத்தை வாசகர்

பதில்: நண்பரை நம்ப வேண்டாம் தம்பி. கேம் வந்தது 2010 பெப்ரவரியில், 2012 ஜனவரியிலிருந்து இலவசம். அந்தக் காலத்துக் கணினிகளுக்காகச் செய்தது என்பதால் கிராபிக்ஸைக் குறைத்து வைத்தால் பழைய லெப்டொப்பிலும் பெரும்பாலும் ஓடும், சத்தம் மட்டும் கொஞ்சம் போடும். கதை 2409ஆம் ஆண்டில் தொடங்குகிறது, அதாவது நீங்கள் பார்த்த தொடரின் கப்டன் பிக்கார்ட் குழுவின் கடைசிப் படத்துக்கு முப்பது வருடம் கழித்து. கிளிங்கன் என்ற போர்வீர இனத்து அதிகாரி வோர்ஃப் யார், பிடித்தவர்களை எல்லாம் பாதி இயந்திரமாக்கிவிடும் போர்க் வந்தால் ஏன் எல்லோரும் நடுங்குகிறார்கள், இந்த இரண்டும் தெரிந்தால் போதும், மீதியைக் கேமே சொல்லித் தரும். வோர்ஃபுக்கு மைக்கேல் டோர்னே குரல் கொடுத்திருக்கிறார், முதல் தொடரில் ஸ்பொக்காக நடித்த லெனர்ட் நிமோயின் குரலும் இருக்கிறது. தொடர் பார்த்தவனுக்கு அந்தக் குரல் காதில் விழும்போது ஒரு சிலிர்ப்பு வரும், அதை அனுபவித்தால்தான் தெரியும்.

எந்தப் பக்கம் என்று கேட்டால் எல்லோரும் ஃபெடரேஷன், அதாவது மனிதர்களும் மற்றக் கிரகத்தவர்களும் சேர்ந்த கூட்டமைப்பு, என்பார்கள். அது சுகமான வழி, பிழை இல்லை. நான் ரொமுலன் என்ற வேற்றுக்கிரக இனத்தின் பக்கத்தைச் சொல்வேன். அவர்களுடைய சொந்தக் கிரகம் 2387இல் பக்கத்து நட்சத்திரம் வெடித்து அழிந்துபோனது, உயிர் தப்பியவர்கள் திசைக்கொன்றாகச் சிதறிப் போனார்கள். நீங்கள் விரினாட் என்ற ஒரு குடியேற்றக் கிரகத்தில் தோட்டம் துரவு என்று இருக்கிற ஓர் ஆள். சண்டை இல்லை, சீருடை இல்லை, ஊரில் திருவிழாவுக்கு ஆயத்தம் நடக்கிறது, பக்கத்துத் தோட்டக்காரர் அதைச் செய் இதைச் செய் என்று சின்னச் சின்ன வேலை தருகிறார். பிறகு ஒரு நாள் வானத்திலிருந்து கப்பல்கள் வருகின்றன. அதற்குப் பிறகு ஓட்டம்தான். ஓட்டை உடைசலான ஒரு கப்பலில் ஏறி, யாரை நம்புவது, எங்கே போய் மறுபடி வீடு கட்டுவது என்று அலைகிறீர்கள். கொஞ்ச தூரம் போனதும் ஃபெடரேஷனோடு சேர்வதா கிளிங்கன்களோடு சேர்வதா என்று கேட்கும், அதற்கு மேலும் தனியாக நிற்க விடமாட்டார்கள். இதை எழுதியவர்கள் அமெரிக்காவில் இருந்தாலும், எங்கள் ஆட்களுக்கு இந்த முதல் சில மணி நேரத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

கேள்வி: விண்வெளிச் சண்டையில் தொடர்ந்து சாகிறேன் அண்ணா. டோர்பிடோ எல்லாவற்றையும் அடித்துத் தள்ளுகிறேன், எதிரிக் கப்பலுக்கு ஒன்றும் ஆவதில்லை, நான்தான் வெடிக்கிறேன். நல்ல கப்பல் வாங்கினால் சரியாகுமா? – வத்தளை வாசகர்

பதில்: ஆகாது. நீங்கள் கப்பலைத் துப்பாக்கி மாதிரிப் பிடிக்கிறீர்கள், சிக்கல் அங்கேதான்.

ஒவ்வொரு கப்பலுக்கும் முன், பின், இடம், வலம் என்று நான்கு பக்கக் கவசம் இருக்கிறது. கவசம் இருக்கிற பக்கத்தில் டோர்பிடோ அடித்தால் அதன் பலத்தில் முக்கால்வாசி வீண். ஃபேசர் போன்ற கதிர் ஆயுதங்கள்தான் கவசத்தை உடைக்க. ஆகவே முதலில் ஃபேசரால் ஒரே பக்கத்தைத் தொடர்ந்து அடித்து அந்தக் கவசத்தை இறக்குங்கள், உடம்பு தெரிந்ததும் டோர்பிடோவை விடுங்கள். தொடரில் கப்டன்கள் "கவசம் எத்தனை வீதம்?" என்று ஓயாமல் கேட்பது சும்மா பந்தாவுக்கு இல்லை.

அடுத்தது பக்கம் காட்டுவது. இது பலருக்கு விளங்குவதில்லை. பீம் அரே என்று கேம் சொல்கிற சாதாரண ஃபேசருக்கு 250 பாகை வீச்சு. முன்னால் பூட்டியதும் பின்னால் பூட்டியதும் கப்பலின் இரண்டு பக்கவாட்டிலும் ஒன்றின் மேல் ஒன்று விழும். அதாவது எதிரியை நேரே முகம் பார்த்தால் உங்கள் ஆயுதத்தில் பாதிதான் வேலை செய்யும், விலாவைக் காட்டினால் எல்லாமே சுடும். ஆனால் டோர்பிடோவுக்கு 90 பாகைதான், அதற்கு மூக்கைத் திருப்பியாக வேண்டும். இந்த இழுபறிதான் விளையாட்டே. விலாவைக் காட்டி வட்டமிட்டு அடி, கவசம் விழுந்த அந்த நொடியில் மூக்கைத் திருப்பு, டோர்பிடோவை விடு, மறுபடி விலா. குரூஸர் வகைக் கப்பல் மெதுவாகத்தான் திரும்பும், எனவே கவசம் விழுவதற்குக் கொஞ்சம் முன்னமே திருப்பத் தொடங்க வேண்டும், விழுந்த பிறகு தொடங்கினால் நீங்கள் திரும்பி முடிப்பதற்குள் அவன் கவசத்தை மீட்டுவிடுவான்.

பிறகு மின்சக்தி. ஆயுதம், கவசம், எஞ்சின், துணைக்கருவி என்று நான்குக்கும் சேர்த்து 200 அலகு, அதை நீங்கள்தான் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். தொடங்கும்போது பலர் அந்தப் பலகையைத் தொடுவதே இல்லை. சண்டையில் ஆயுதத்துக்கு 100, அடி வாங்கும்போது கவசத்துக்கு மாற்று, தப்பி ஓடும்போது எஞ்சினுக்கு, இவ்வளவுதான். இன்னொரு விஷயம்: ஃபுல் இம்பல்ஸில், அதாவது முழு வேகத்தில், பறக்கும்போது ஆயுதத்தினதும் கவசத்தினதும் சக்தியை எஞ்சின் எடுத்துக்கொள்ளும். அந்த வேகத்தோடு எதிரிக் கூட்டத்துக்குள் போய் நுழைந்தால் வெறுங்கையோடு நிற்பீர்கள். நீங்கள் வெடிக்கிற காரணம் முக்கால்வாசி இதுவாகத்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். கொஞ்சம் தள்ளி நின்று, சக்தி திரும்பிய பிறகு நுழையுங்கள்.

எதிரிக் கப்பல் சாகும்போது அதன் வார்ப் கோர் என்ற சக்தி உலை வெடித்துப் பக்கத்தில் நிற்கிறவனையும் சுடும். வெற்றி என்று ஒட்டிக்கொண்டு நிற்காமல் விலகிப் போங்கள். இவ்வளவையும் கேம் முதலில் தருகிற அந்தச் சின்ன மிராண்டா கப்பலிலேயே பழகலாம், காசு செலவழிக்கத் தேவையே இல்லை.

கேள்வி: தம்பி, என் மகன் ஓ.எல். எடுக்கிறான். இந்த ஸ்டார் ட்ரெக் விளையாட்டில் ஏதோ பெட்டியாம், அதைத் திறக்கத் திறப்பு வாங்க வேண்டுமாம், என்னுடைய கார்ட்டைக் கேட்டு ஒரு கிழமையாக நச்சரிக்கிறான். உள்ளே அபூர்வமான கப்பல் இருக்கிறதாம். கொடுக்கலாமா? – கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அம்மா

பதில்: கொடுக்காதீர்கள் அக்கா. பெட்டி சும்மா விழும், விளையாடும்போது வழியெல்லாம் கிடைக்கும், அது தூண்டில். திறப்புக்குத்தான் காசு. ஸென் என்று ஒரு கேம் நாணயம், 1 டொலருக்கு 100 ஸென், அதில் வாங்க வேண்டும். கப்பல் விழுவது மிக அரிது, பெரும்பாலும் சில்லறைச் சாமான்தான் வரும். இது வீதியில் விற்கிற லொத்தர்ச் சீட்டேதான், சுரண்டுவதற்குப் பதிலாக ஒரு பெட்டி மூடி திறக்கிறது. இப்படிப்பட்ட பெட்டிகள் சூதாட்டம் என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு 2018இலேயே சில கேம்களுக்கு எதிராகச் சொல்லிவிட்டது. டொலர் 300 ரூபா கணக்கில் நிற்கிற நாட்டில், ஒரு பின்னேரத்தில் இருபது திறப்பு வாங்கினால் என்ன ஆகும் என்று அவனையே பேப்பரில் கணக்குப் போடச் சொல்லுங்கள், ஓ.எல். பிள்ளைதானே.

அவனுக்கும் ஒரு வழி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களோடு சண்டை பிடிப்பான். டைலித்தியம் என்று ஒரு தாது விளையாடும்போது கிடைக்கும், ஒரு கப்டன் ஒரு நாளைக்கு 8000 வரை சுத்திகரிக்கலாம், அதைக் கொடுத்து மற்ற ஆட்டக்காரர்களிடமிருந்து ஸென் மாற்றிக்கொள்ளலாம். மெதுவான வேலை, வரிசையில் காத்திருக்கவும் வேண்டும், ஆனால் உங்கள் கார்ட் அலுமாரியிலேயே இருக்கும். மார்கழி விடுமுறைக் கொண்டாட்டம் போன்ற நாட்களில் தினமும் கொஞ்சம் விளையாடினால் நல்ல கப்பலே இலவசமாகத் தருவதும் உண்டு. கார்ட் விபரம் ஏற்கெனவே அந்தக் கணக்கில் பதிந்திருக்கிறதா என்று மட்டும் இன்றைக்கே பாருங்கள், இருந்தால் அழித்துவிடுங்கள்.

கேள்வி: கொழும்பிலிருந்து விளையாடினால் லேக் (இணையத் தாமதம்) அடிக்காதா? டேட்டா எவ்வளவு போகும்? – பம்பலப்பிட்டி வாசகி

பதில்: அடிக்கும். இங்கிருந்து அமெரிக்காவிலுள்ள கேம் சர்வருக்குத் தகவல் போய்த் திரும்பிவரக் கால் செக்கன் அளவு ஆகும். கப்பல் சண்டைக்கு அது பெரிதாகத் தெரியாது, கப்பலே ஆறுதலாகத்தானே திரும்புகிறது. தரையில் இறங்கித் துப்பாக்கியோடு ஓடும்போதுதான் எரிச்சல் வரும், அங்கே குறி பார்த்துச் சுடுவதை விட்டுவிட்டு இலக்கைத் தெரிவுசெய்து சுடுகிற முறையில் வைத்துக்கொள்ளுங்கள். கேமை முதலில் தரவிறக்குவதுதான் பெரிசு, அதை இரவுக் கோட்டாவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். விளையாடும்போது படம் பார்க்கிற அளவுக்கு டேட்டா போகாது.

கேள்வி: நான் ஓய்வுபெற்றவன். எண்பதுகளில் அலுவலகக் கணினியில், படமே இல்லாமல் எழுத்தும் குறியுமாக ஒரு ஸ்டார் ட்ரெக் விளையாட்டு இருந்தது என்று பேரனிடம் சொன்னால் சிரிக்கிறான். எனக்கு ஞாபகம் பிசகிவிட்டதா? – கல்கிசை வாசகர்

பதில்: இல்லை ஐயா, பேரனைக் கூப்பிட்டு இதை வாசிக்கச் சொல்லுங்கள். 1971இல் மைக் மேஃபீல்ட் என்ற பள்ளிக்கூட மாணவர் பேசிக் என்ற கணினி மொழியில் எழுதிய விளையாட்டு அது. அப்போது முதல் ஸ்டார் ட்ரெக் தொடரின் ஒளிபரப்பு முடிந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது, 1966இலிருந்து மூன்று சீசன், 79 பகுதிகள் ஓடி நின்றுபோயிருந்தது. திரை இல்லாத இடத்தில் தாளில் அடித்துக் காட்டும். விண்மண்டலம் எட்டுக்கு எட்டு கட்டம், அந்த ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இன்னொரு எட்டுக்கு எட்டு. குறித்த நாளுக்குள் கிளிங்கன் கப்பல்கள் எல்லாவற்றையும் தேடி அழிக்க வேண்டும், சக்தி குறைந்தால் தளத்துக்குப் போய் நிரப்ப வேண்டும், டோர்பிடோவுக்குத் திசையை எண்ணாகக் கொடுக்க வேண்டும். 1973இல் டேவிட் ஆல் தொகுத்த பேசிக் விளையாட்டுப் புத்தகத்தில் அதன் நிரல் அச்சில் வந்தது, அதைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்து உலகம் முழுக்க விளையாடினார்கள், உங்கள் அலுவலகத்துக்கும் அந்த வழியில்தான் ஏதாவதொரு வடிவம் வந்திருக்கும். மேலே வத்தளைத் தம்பிக்கு நான் சொன்ன சக்திப் பங்கீடு இருக்கிறதே, கவசத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது என்ற அந்தக் கணக்கு அந்த எழுத்து விளையாட்டிலேயே வந்துவிட்டது.

ஒரு உபரித் தகவல். ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கிய ஜீன் ரொட்டன்பெரிக்கு அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் நண்பர். 1956இல் இலங்கைக்கு வந்து குடியேறிய அதே கிளார்க்தான், கொழும்பு 7, பான்ஸ் பிளேஸில் இருந்தார், 2008 மார்ச்சில் காலமாகி பொரளை கனத்தையில் அடக்கமானார். பேரனுக்கு இதையும் சொல்லுங்கள், சிரிப்பை நிறுத்துவான்.

கேள்வி: எனக்குச் சுடுகிற விளையாட்டே பிடிக்காது. கதை மட்டும் உள்ளது ஏதாவது? – தெஹிவளை வாசகி

பதில்: 'தி எக்ஸ்பான்ஸ்' என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரை வைத்து 2023இல் டெல்டேல் நிறுவனம் வெளியிட்ட கேம் இருக்கிறது, ஐந்து பகுதிகள். தொடரில் கமினா டிரம்மராக வந்த காரா ஜீயே அதே பாத்திரத்துக்குக் குரல் கொடுக்கிறார், தொடருக்கு முந்திய காலக் கதை என்பதால் தொடர் பார்க்காமலும் விளையாடலாம். காந்தச் சப்பாத்தோடு உடைந்த கப்பலின் சுவரிலும் கூரையிலும் நடந்து திரிவதும், ஆட்களில் யார் பக்கம் நிற்பது என்று முடிவெடுப்பதும்தான் வேலை. சில முடிவுகளுக்கு நேரம் கொஞ்சம்தான் தருவார்கள். பிற்பாடு அதற்கான விளைவு வரும்போது, நல்லது என்று நினைத்துச் செய்தது ஒருத்தரின் உயிரை எடுத்துவிட்டது என்று தெரிய வரும். கதை குறுகியது, அதுதான் குறை.

கேள்வி: கப்பலுக்கு நாம் விரும்பிய பெயர் வைக்கலாமா? – கொழும்பு 13

பதில்: வைக்கலாம். கெட்ட வார்த்தை மட்டும் கூடாது. ஃபெடரேஷன் கப்பலுக்கு முன்னால் யூ.எஸ்.எஸ்., கிளிங்கன் கப்பலுக்கு ஐ.கே.எஸ். என்று வரும். என்னுடையது யூ.எஸ்.எஸ். யாழ்தேவி. எல்லா இடத்துக்கும் பிந்தித்தான் போகிறது.