சிரிப்புச் சத்தம் கேட்கிற அலுவலகத்துக்கு மகளை அனுப்பலாமா?

அன்புள்ள அம்மா,

கோயம்புத்தூரில் விஷுவல் கம்யூனிகேஷன் முடித்த உங்கள் மகளுக்குச் சென்னை விளம்பர நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்திருப்பது நல்ல செய்தி. பயிற்சிக்காக அங்கே இருந்தபோது அவள் அனுப்பிய வீடியோக்கள்தான் உங்களைக் கலங்க வைத்திருக்கின்றன. பகல் பதினொரு மணிக்குக் கேரம் ஆடுகிறார்கள். ஒருவர் நாற்காலிமேல் ஏறி நின்று பாட்டியின் குரலில் ஊறுகாய் விளம்பரம் பேசிக் காட்டுகிறார். மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். "இவர்களுக்கு எதற்காகச் சம்பளம் கொடுக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சீசனில் கோடநாடு காட்சிமுனையில் வேனை நிறுத்திவிட்டு, ஒரே நிற பனியனில் கூச்சலிடுகிற அலுவலகக் கூட்டங்களைப் பார்த்துப் பழகிய கோத்தகிரிக்காரர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்புதான். அவர்கள் ஆடிப் பாடுவதை மட்டும்தான் நாம் பார்க்கிறோம், வேலை செய்வதைப் பார்ப்பதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனுப்புங்கள். ஆனால் அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று விசாரித்துவிட்டு அனுப்புங்கள்.

விளம்பர நிறுவனத்தில் என்ன நடக்கிறது என்பது பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாது. வாடிக்கையாளரிடம் பேசி வேலையை வாங்கி வருபவர் ஒருவர். அந்தப் பொருளை யார் வாங்குகிறார்கள், ஏன் வாங்குகிறார்கள் என்று ஆராய்பவர் இன்னொருவர். வாசகம் எழுதுபவர் காப்பிரைட்டர், படத்தையும் அமைப்பையும் தீர்மானிப்பவர் ஆர்ட் டைரக்டர். கடைசி இருவரும் ஜோடியாக உட்கார்ந்து யோசிப்பது இன்று உலகம் முழுக்க வழக்கம். ஒரு காலத்தில் அப்படி இல்லை. எழுத்தாளர் வாசகத்தை எழுதித் தன் அறையிலிருந்து ஓவியப் பிரிவுக்கு அனுப்புவார், அவர்கள் அதற்குப் படம் போடுவார்கள், அவ்வளவுதான் உறவு. 1949-இல் நியூயார்க்கில் டாயில் டேன் பெர்ன்பாக் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் பெர்ன்பாக், இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்தார். அரட்டையும் கேலியும் வேலைக்குள் வந்துவிட்டன. ஒருவர் அரைகுறையாகச் சொல்வதை மற்றவர் பிடித்துக்கொண்டு முடித்துவைக்க வேண்டுமானால், இருவருக்கும் நடுவில் கூச்சம் இருக்கக் கூடாது.

கூடி யோசிப்பதற்கு ஒரு முறையை வகுத்தவர் இன்னொரு அமெரிக்க விளம்பரக்காரர், அலெக்ஸ் ஆஸ்பர்ன். யோசனை சொல்லும் நேரத்தில் யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது, எவ்வளவு கிறுக்குத்தனமாக இருந்தாலும் சொல்லிவிட வேண்டும், தரம் பார்ப்பது பிறகு என்பது அவர் வைத்த விதி. நாற்காலிமேல் நின்ற அந்தப் பையன் செய்தது அதைத்தான். ஒன்பது அசட்டு யோசனைகளைச் சொல்லத் துணிந்தவனிடமிருந்துதான் பத்தாவதாக உருப்படியான ஒன்று வரும்.

இதைக் கேட்டுவிட்டு, கூச்சல் போட்டால் யோசனை கொட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நான்கு பேர் கூடி யோசித்ததைவிட, நான்கு பேர் தனித்தனியாக யோசித்ததைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் யோசனைகள் அதிகமாகவும் மேலாகவும் இருந்தன. நல்ல நிறுவனங்களில் இரண்டுக்கும் இடம் இருக்கும். காலையில் தனியாக எழுதுவார்கள், மாலையில் கூடிப் பேசுவார்கள். உங்கள் மகள் அதிகம் பேசாத பெண் என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால் இதைச் சொல்கிறேன். இந்தத் துறைக்கு வாயாடிகள்தான் தேவை என்பது வெளியாட்களின் கற்பனை. மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எல்லோரும் ஓய்ந்த பிறகு ஒரே ஒரு வரி சொல்லி அறையையே சிரிக்க வைக்கிற ஆட்களுக்கு அங்கே தனி மரியாதை உண்டு. கேரம் ஆடவில்லை என்பதற்காக யாரையும் வேலையை விட்டு நீக்குவதில்லை.

தேயிலை பறிக்கிற பெண்களை நினைத்துப் பாருங்கள். உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நிரையில் நின்று ஊர்க்கதை, மாமியார் கதை, மேஸ்திரியைப் பற்றிய கேலி எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். விரல் மட்டும் கொழுந்தைவிட்டு விலகாது. எடை போடும்போது கணக்கு தெரிந்துவிடும். பேச்சை நிறுத்தச் சொல்கிற மேஸ்திரிக்கு அன்று எடை கூடியதாக நான் கேள்விப்பட்டதில்லை. விளம்பர நிறுவனத்தில் எடை போடுகிற இடம், வாடிக்கையாளர் முன்னால் யோசனையை வைக்கிற கூட்டம். அதற்கு முந்தைய நாள் அந்த அலுவலகத்தை யாரும் வீடியோ எடுப்பதில்லை. எடுத்தாலும் பார்க்க ஒன்றும் இருக்காது. வெளிறிய முகத்தோடு திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிற எட்டுப் பேர்தான் தெரிவார்கள்.

அவர்கள் எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதையும் சொல்கிறேன். இறுதி வடிவம் என்று பெயரிட்டு அனுப்பிய கோப்பு திரும்பி வரும். திருத்தியதும் 'ஃபைனல் 2', பிறகு 'புது ஃபைனல்', கடைசியில் 'இதுதான் ஃபைனல்' என்று பெயர் நீண்டுகொண்டே போகும். "லோகோவை இன்னும் கொஞ்சம் பெரிதாக்குங்கள்" என்று வாடிக்கையாளர் சொல்வது இந்தத் தொழிலின் பழைய நகைச்சுவை. எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் 'பாரம்பரியச் சுவை' என்று யாராவது எழுதிவிட்டால் அன்று எல்லோருக்கும் அவர்தான் டீ வாங்கித் தர வேண்டும். விளையாட்டுத்தான். ஆனால் புதிதாகச் சேர்ந்தவர் சில வாரங்களிலேயே தேய்ந்த வார்த்தைகளைக் கையால் தொடாமல் எழுதப் பழகிவிடுகிறார். வகுப்பறையில் மூன்று ஆண்டு சொல்லியும் நுழையாத பாடம் அது. அதனால்தான் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கிடைத்தாலும் முதல் இரண்டு ஆண்டுகள் அலுவலகத்துக்கே போகச் சொல்கிறேன். அடுத்த மேசையில் மூத்தவர் தொலைபேசியில் வாடிக்கையாளரைச் சமாளிப்பதைக் காதில் வாங்குவதற்கு ஈடான பயிற்சி, கோத்தகிரி வீட்டுத் திண்ணையில் மடிக்கணினியோடு உட்கார்ந்தால் கிடைக்காது.

இனி விசாரிக்க வேண்டியது. சிரிக்கிறார்களா என்று மகளிடம் கேட்காதீர்கள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று கேளுங்கள். மேலதிகாரியைக் கேலி செய்ய முடிகிறதா, இல்லை கேலி மேலிருந்து கீழே மட்டும்தான் இறங்குகிறதா? மலையிலிருந்து போகிற பிள்ளைகளுக்கு அங்கே என்ன பெயர் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். குன்னூரிலிருந்து போனாலும் கூடலூரிலிருந்து போனாலும் 'ஊட்டி'தான். "வர்க்கி எங்கே?" என்பார்கள். "உனக்கு ஏசி எதற்கு?" என்பார்கள். இதெல்லாம் பாசத்தில் சேர்த்தி. அதே ஆட்கள் அவளுடைய பேச்சு வழக்கை, ஆங்கில உச்சரிப்பை, நிறத்தை, சாதியைத் தொட்டுச் சிரித்தால் அது வேறு. "நிறுத்துங்கள்" என்று ஒருமுறை சொன்னதும் நின்றுவிடுகிறதா என்பதை வைத்து முடிவு செய்யலாம். "இதைக்கூடத் தாங்க மாட்டாயா?" என்று பதில் வந்தால் அந்த இடம் சரியில்லை.

பெண் பிள்ளை என்பதால் இன்னொன்று. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த அலுவலகத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் அங்கே மூத்த நிலையில் பணிபுரியும் பெண்ணாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஓர் உறுப்பினரும் வேண்டும். சம்பவம் நடந்து 3 மாதங்களுக்குள் புகார் தர வேண்டும். கட்டடத்துக்குள் நடப்பதற்கு மட்டுமான சட்டம் இல்லை இது. வேலை தொடர்பாகப் போகிற இடமும், நிறுவனம் ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடத்தில் அடக்கம். கோடநாட்டுக்கு வந்த அந்த வேன் உட்பட. குழு உறுப்பினர்களின் பெயர்களைச் சேர்ந்த முதல் வாரமே கேட்டு வைத்துக்கொள்ளட்டும். கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எடுத்துக்கொண்டால் அதுவே ஒரு தகவல்.

அடுத்தது, எத்தனை மணிக்கு விடுகிறார்கள்? இதில்தான் இந்தத் துறைமீது எனக்குக் கோபம். பீட்சா வாங்கிக் கொடுத்து, பாட்டுப் போட்டு, "நாம் எல்லாம் ஒரே குடும்பம்" என்று சொல்லி நள்ளிரவு வரை உட்கார வைப்பதும் தோழமைக் கணக்கிலேயே எழுதப்படுகிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இலேயே நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்துவிட்டது. மாதத்தில் ஓரிரு நாள் இரவு நீளும், அது தொழிலின் இயல்பு. எல்லா நாளும் நீண்டால் ஆள் பற்றாக்குறையைச் சிரிப்பால் மூடுகிறார்கள் என்று பொருள். பயிற்சிக் காலத்தில் கடைசியாக விளக்கை அணைத்தது எத்தனை மணிக்கு என்று மகளுக்கு நினைவிருக்கும், கேளுங்கள். சம்பளம் தேதி தவறாமல் வருகிறதா என்று அங்கே ஓராண்டு இருந்தவரிடம் விசாரிக்கச் சொல்லுங்கள்.

வீடியோக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் அனுப்பியவற்றில் ஒன்றில், கேரம் பலகைக்குப் பின்னால் இருக்கிற வெள்ளைப் பலகை முழுக்கத் தெரிகிறது. ஒரு பொருளின் பெயரும் அது கடைக்கு வருகிற மாதமும் எழுதியிருக்கிறது. வெளியாகாத வேலை வெளியே கசிந்தால் நிறுவனம் வாடிக்கையாளரையே இழக்கலாம், மகளின் வேலையும் போகலாம். விளையாடட்டும், படம் எடுக்கும்போது பின்னணியைப் பார்த்துக்கொள்ளட்டும். அந்த வீடியோவை இப்போதே அழித்துவிடச் சொல்லுங்கள், உறவினர் குழுக்களில் போட்டிருந்தால் அங்கேயும்.

உங்கள் அப்பா இந்து நகர் ஃபிலிம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், அதுபோல நிலையான வேலை வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஆசையை மதிக்கிறேன். ஊட்டியின் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட மத்திய அரசு நிறுவனம் அது. புகைப்படம் டிஜிட்டலுக்கு மாறிய பிறகு ஃபிலிமுக்கு வேலையில்லாமல் போனது, தொழிற்சாலையும் மூடப்பட்டது. அரசு முத்திரை இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. மகள் கற்றுக்கொள்கிற வேலை அவள் கூடவே வரும், நிறுவனம் மாறினாலும். அதற்காகத் தான் செய்தவற்றில் வெளியான வேலைகளை மட்டும் ஒரு தொகுப்பாகச் சேர்த்துக்கொண்டே வரட்டும். அடுத்த வேலைக்கு மதிப்பெண் பட்டியலைவிட அந்தத் தொகுப்பைத்தான் முதலில் கேட்பார்கள்.

சேருவதற்கு முன் நியமனக் கடிதத்தை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். மாதச் சம்பளம், தகுதிகாண் காலம், விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பவை அதில் இருக்க வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனமானால் வருங்கால வைப்பு நிதி உண்டா என்று கேட்கட்டும். மூலச் சான்றிதழ்களைக் கேட்டால் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், ஒப்படைக்கக் கூடாது. விடுதியை அலுவலகத்துக்கு அருகிலேயே பாருங்கள், வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து இரவில் கிளம்புகிற நீலகிரி எக்ஸ்பிரஸில் நீங்களும் கூடப் போய், அலுவலகத்தை ஒருமுறை நேரில் பாருங்கள். மதியத்தில் போகாதீர்கள், மாலை ஏழு மணிக்குப் போங்கள். அந்த நேரத்தில் எத்தனை பேர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து எனக்கு எழுதுங்கள்.