திப்புக்கைப் பெட்டியில் அடைக்காதீர்கள்

கேள்வி: பழைய பொருள் கடையில் வாங்கிய மரப்பெட்டியைத் திறந்ததும் யூதப் பேய் ஒன்று வெளியே வருவதாகக் குறும்படம் எழுதுகிறேன். கடைசியில் ஒரு ரபி (யூத மதகுரு) வந்து அதை ஓட்டுகிறார். யூதர்கள் உண்மையிலேயே இப்படி நம்புகிறார்களா? அவர்களைத் தவறாகக் காட்டிவிடாமல் எப்படி எழுதுவது?

பதில்: முதலில் அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடுங்கள். யூத மரபில் அப்படி ஒன்று கிடையாது. 2003-ல் அமெரிக்காவில் ஒருவர் பழைய ஒயின் அலமாரி ஒன்றை ஈபேயில் விற்கும்போது, உள்ளே ஆவி இருப்பதாகக் கதை கட்டினார். அதிலிருந்து 2012-ல் ‘தி பொசெஷன்’ படம் வந்தது. கொச்சி யூதர்களை வைத்து மலையாளத்தில் எடுத்த ‘எஸ்ரா’விலும் (2017), அதன் இந்தி வடிவத்திலும் அதே பெட்டிதான். கதையைத் தானே புனைந்ததாக விற்றவரே 2021-ல் ஒப்புக்கொண்டுவிட்டார்.

யூத மரபில் ‘திப்புக்’ என்று சொல்லப்படுவது பிசாசு அல்ல, செத்துப்போன மனிதரின் ஆன்மா. பாவத்தாலோ தீராத குறையாலோ மேலே போக முடியாமல் உயிரோடிருப்பவர் உடம்பில் ஏறிக்கொள்ளும். 16-ஆம் நூற்றாண்டில் இன்றைய இஸ்ரேலில் உள்ள சஃபெத் நகரத்து கபாலா (யூத மறைஞான மரபு) ஞானிகள் காலத்திலிருந்து இந்தக் கதைகள் ஏராளமாகப் பதிவாகியிருக்கின்றன.

இதை அருமையாகக் கையாண்டவர் யூத எழுத்தாளர் அன்ஸ்கி. இன்றைய உக்ரைனில் இருக்கும் யூதச் சிற்றூர்களில் 1912 முதல் 1914 வரை நாட்டார் வழக்காறுகளைத் திரட்டியவர். அவருடைய ‘திப்புக்’ நாடகம் 1937-ல் போலந்தில், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் படமானது. பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைப்பதாக இரண்டு நண்பர்கள் வாக்குக் கொடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் இறந்துபோக, மற்றவர் பணக்கார மாப்பிள்ளை தேடுகிறார். இறந்தவரின் மகன் ஏமாந்துபோய்ச் செத்து, மணமேடையில் மற்றவரின் மகளுக்குள் புகுந்துவிடுகிறான். அப்புறம் ரபி என்ன செய்கிறார் தெரியுமா? வழக்கு நடத்துகிறார்! பையனின் இறந்த தந்தையைக் கல்லறையிலிருந்து வாதியாக அழைத்து, வாக்குத் தவறியவரின் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளிக்கிறார். பேய்ப் படத்தில் இதைவிட நல்ல காட்சியை நான் பார்த்ததில்லை.

ஆக, உங்கள் ரபி சிலுவையில்லாத கத்தோலிக்கப் பாதிரியாராக இருக்கக் கூடாது. மரபுக் கதைகளில் ரபி ஆவியிடம் முதலில் பெயரையும் வந்த காரணத்தையும் கேட்பார். கூடவே பத்து ஆண்கள் நிற்பார்கள். 91-ஆம் சங்கீதம் ஓதுவார்கள். தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளிலும் பாதுகாப்புக்கு இதைத்தான் சொல்வார்கள். ஷோஃபார் எனும் ஆட்டுக்கொம்பு ஊதுவார்கள். மசியாவிட்டால் சமூகத்திலிருந்து விலக்கிவிடுவதாக மிரட்டல். பல கதைகளில் ஆவி கால் சுண்டுவிரல் வழியாக வெளியேறும்.

ரத்தப்பலி, குழந்தைக் கடத்தல், ரகசியச் சடங்கு ஆகியவை பக்கம் போகவே வேண்டாம். குழந்தைகளின் ரத்தத்தை யூதர்கள் எடுப்பதாக ஐரோப்பாவில் கட்டிய பொய்யால் நூற்றாண்டுகளாக உயிர்கள் போயிருக்கின்றன. நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த ஆஷ்விட்ஸ் முகாமைப் பேய் பிறந்த இடமாக மட்டும் பயன்படுத்துவதும் எனக்கு உறுத்தல்தான். ‘தி அன்பார்ன்’ (2009) அதைத்தான் செய்தது. அதற்குப் பதில் ‘தி விஜில்’ (2019) பாருங்கள். இறந்தவரின் உடலை இரவெல்லாம் காவல் காக்கும் உண்மையான வழக்கத்திலிருந்தே பயம் பிறக்கிறது, பாத்திரங்களும் அந்தச் சமூகத்துக்குள்ளிருந்தே வருகிறார்கள்.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். கடை இருக்கட்டும், பெட்டியும் வெறும் பொருளாக இருக்கட்டும். அதை வைத்திருந்தவர் யார், அவரை ஏமாற்றியது யார் என்று எழுதுங்கள். ஏமாற்றியவரின் பேரன்தான் இன்று அதை வாங்குகிறான் என்றால், ரபி விசாரிக்க ஒரு வழக்கும் கிடைத்துவிடும்.