இரண்டும் ஊதுகுழல்தானே?

கேள்வி: சென்ற இதழில் ‘வெளிநாடுவாழ் சீனர்களின் சுதந்திரத் தொலைக்காட்சி’ என்று என்டிடி சேனலைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். அது ஃபாலுன் காங் என்ற சீன ஆன்மிகப் பயிற்சி இயக்கத்தின் ஊதுகுழல் என்பது ஊரறிந்த விஷயம். சீன அரசின் சேனல் ஒரு பக்கம் ஊதுகிறது, இது மறுபக்கம் ஊதுகிறது. எங்கள் தெருவில் இருக்கும் சீனர்கள் இரண்டையுமே பார்ப்பதில்லை. அப்புறம் எதற்கு இந்தப் பாராட்டு?
– மார்க்கம் (கனடா) வாசகர் ஒருவர்

பதில்: உங்கள் கடிதத்தில் பாதி சரி. ‘நியூ டாங் டைனஸ்டி’ என்ற என்டிடி 2001இல் நியூயார்க்கில் ஃபாலுன் காங் பயிற்சியாளர்கள் தொடங்கிய சேனல். இந்த ஒரு வரியைச் சேர்க்காமல் ‘சுதந்திரத் தொலைக்காட்சி’ என்று மொட்டையாக எழுதியது தவறு. தவறு என்னுடையது. மைக் யார் கையில் இருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் பேச்சின் தரத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

மறுபாதியை ஏற்க மாட்டேன். ‘அதுவும் ஊதுகுழல், இதுவும் ஊதுகுழல்’ என்று இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள். அந்தத் தராசின் ஒரு தட்டில் உட்கார்ந்திருப்பது ஓர் அரசாங்கம். சிறையும் காவல்துறையும் அதனிடம் இருக்கின்றன. அயல்நாட்டு நிறுவனங்களின் வாயை அடைக்கும் அளவுக்குப் பெரிய சந்தையும் இருக்கிறது. மறுதட்டில் இருப்பவர்கள் 1999 ஜூலையில் அந்த அரசால் தடை செய்யப்பட்டவர்கள். தடை வந்த நாளிலிருந்து சீனத்தின் எல்லா அலைவரிசைகளும் அவர்களைத் திட்டின. பதில் சொல்ல ஒரு நிமிடம்கூட அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. 2002 மார்ச் 5 அன்று சாங்சுன் நகரில் சிலர் கேபிள் கம்பத்தில் ஏறி இணைப்பைத் திருப்பி, எட்டு சேனல்களில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தங்கள் தரப்பைக் காட்டினார்கள். அதற்கு விலையாக அந்த ஆண்டு செப்டம்பரில் 15 பேருக்குச் சிறைத் தண்டனை. அதிகபட்சம் 20 ஆண்டு. என்டிடி எந்தச் சூழலில் பிறந்தது என்று புரிந்துகொள்ள இந்தச் சம்பவம் ஒன்றே போதும்.

இனி அரசு சேனலுக்கு வருவோம். சீன மத்தியத் தொலைக்காட்சியின் (சிசிடிவி) சிசிடிவி-4 என்ற அலைவரிசை 1992இல் தொடங்கப்பட்டதே வெளிநாட்டில் வாழும் சீனர்களுக்காகத்தான். செய்தி, நாடகம், சமையல், ஊர்த் திருவிழா எல்லாம் வரும். பாதி நேரம் பார்க்க இனிமையாகவே இருக்கும். அதன் சாயம் வெளுத்தது 2003 ஏப்ரலில்.

சார்ஸ் என்ற சுவாசத் தொற்றுநோய் முந்தைய நவம்பரிலேயே குவாங்டோங் மாகாணத்தில் தலைகாட்டிவிட்டது. ஏப்ரல் தொடக்கத்தில் சீன சுகாதார அமைச்சர் செய்தியாளர்கள் முன் உட்கார்ந்து, பெய்ஜிங்கில் நோய் கண்டவர்கள் 12 பேர், இறந்தவர்கள் 3 பேர் என்றார். அதைக் கேட்டு ஜியாங் யான்யோங் என்ற 71 வயது ராணுவ மருத்துவருக்குப் பொறுக்கவில்லை. 1989 ஜூனில் பெய்ஜிங்கின் தியானன்மென் பகுதியில் மாணவர் போராட்டத்தை ராணுவம் நசுக்கியபோது குண்டடி பட்டு வந்தவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்த கைகள் அவருடையவை. ஒரே ஒரு ராணுவ மருத்துவமனையில் மட்டும் 60 சார்ஸ் நோயாளிகள் இருக்கிறார்கள் என்று பெயர் போட்டுக் கடிதம் எழுதினார். அதை அவர் அனுப்பியது இரண்டு தொலைக்காட்சிகளுக்கு. ஒன்று சிசிடிவி-4. மற்றது ஹாங்காங்கிலிருந்து இயங்கும் ஃபீனிக்ஸ். இரண்டும் அந்தக் கடிதத்தை ஒளிபரப்பவில்லை. கடிதம் கைமாறி அமெரிக்காவின் ‘டைம்’ பத்திரிகைக்குப் போய் அங்கே வெளிவந்தது. ஏப்ரல் 20 அன்று சுகாதார அமைச்சரும் பெய்ஜிங் மேயரும் பதவி இழந்தார்கள்.

நீங்கள் மார்க்கத்தில் இருப்பவர் என்பதால் இதை விரித்துச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள ஸ்கார்பரோவில், ஹாங்காங் போய்த் திரும்பிய ஒரு குடும்பத்திலிருந்து அந்த ஆண்டு பிப்ரவரியில் நோய் தொடங்கியது. கனடாவில் 44 பேர் இறந்தார்கள். மருத்துவரின் கடிதம் வருவதற்கு முன்பே அங்கே நோய் பரவிவிட்டது, உண்மை. ஆனால் சீனத்தின் மௌனம் அதற்கும் பல மாதங்கள் மூத்தது. வெளிநாட்டுச் சீனருக்கென்றே நடத்தப்படும் ஒரு சேனல், அவர்களுடைய அம்மா அப்பா எந்த நகரில் எந்த நோய்க்கு நடுவே இருக்கிறார்கள் என்பதை மறைத்தது. இங்கே வந்து ‘இரண்டும் ஒன்றுதான்’ என்றால் எனக்குக் கோபம் வருகிறது. மறைக்க வேண்டும் என்று விதி இல்லாத நிறுவனமும், மறைத்தே ஆக வேண்டும் என்று விதி உள்ள நிறுவனமும் எப்படி ஒன்றாகும்?

அடுத்து, சென்ற இதழில் நான் இடம் போதாமல் விட்ட விஷயம். என்டிடியின் சீன மொழி ஒளிபரப்பு, பிரான்ஸைச் சேர்ந்த யூட்டெல்சாட் நிறுவனத்தின் டபிள்யூ-5 செயற்கைக்கோள் வழியாகச் சீனத்துக்குள்ளும் போய்க்கொண்டிருந்தது. கூரையில் டிஷ் வைத்தவர்கள் கட்டணமில்லாமல் பார்க்கலாம். 2005லேயே ஒப்பந்தம் முறியும் நிலை வந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மக்கள் பிரதிநிதிகளும் பத்திரிகையாளர் அமைப்புகளும் குரல் கொடுத்ததால் பிழைத்தது. 2008 ஜூன் 16 அன்று திரை இருண்டது. ஒலிம்பிக் தொடங்க இரண்டு மாதம்கூட இல்லை. செயற்கைக்கோளில் மின்சக்திக் கோளாறு, வேறு வழியில்லை என்றது நிறுவனம். அடுத்த மாதம் ‘எல்லைகளற்ற செய்தியாளர்கள்’ அமைப்பு ஒரு தொலைபேசி உரையாடலை வெளியிட்டது. அதில் நிறுவனத்தின் பெய்ஜிங் பிரதிநிதி, வேறு சேனல்களை நிறுத்தியிருக்கலாம், சீனத் தரப்பின் புகார்கள் இருந்ததால் இதைத் தேர்ந்தெடுத்தோம் என்ற பொருளில் பேசுகிறார். பேசுவது சீன அதிகாரியுடன் என்று அவர் நம்பியிருந்தார். அப்படி நம்ப வைத்து வாங்கிய பேச்சு அது என்பதையும் நான் மறைக்கக் கூடாது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். உரையாடலைப் படித்த பிறகு நான் நம்புவது எதை என்று கேட்டால், மின்சக்திக் கோளாறு உண்மையாகவே இருந்திருக்கலாம். எந்தச் சேனலை அணைப்பது என்ற முடிவு செயற்கைக்கோளின் சூரியத் தகடு எடுத்ததல்ல.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு நினைவு வரும். 2007 ஏப்ரலில் விடுதலைப் புலிகளின் தொலைக்காட்சியை இன்டெல்சாட் நிறுவனம் தன் செயற்கைக்கோளிலிருந்து நீக்கியது. இலங்கை அரசின் புகார், அமெரிக்காவில் தடை செய்யப்பட்ட அமைப்பு, அனுமதியில்லாமல் பயன்படுத்தினார்கள் என்ற நிறுவனத்தின் வாதம் என்று அந்த வழக்கின் விவரங்கள் வேறு. இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டவில்லை. விண்ணில் அலைவரிசையை வாடகைக்குக் கொடுப்பவரின் விரல் எவ்வளவு கனமானது என்பதை நம்மவர்களும் ஒரு நாள் பார்த்தார்கள் என்பதற்காக மட்டும் சொன்னேன்.

இப்போது என்டிடியின் குறைகள். நீங்கள் சொல்லாமல் விட்டதையும் நானே சொல்கிறேன். தன் குருவான, ஃபாலுன் காங்கைத் தொடங்கிய லீ ஹோங்ஜியைக் கேள்வி கேட்கும் நிருபரை அந்தச் சேனலிடம் எதிர்பார்க்க முடியாது. ஃபாலுன் காங் இயக்கத்தாரின் ஷென் யுன் நடனக் குழுவை அது செய்தியாகக் காட்டுகிறதா, விளம்பரமாகக் காட்டுகிறதா என்று பிரித்தறிவது கடினம். 2020 அமெரிக்கத் தேர்தலுக்குப் பிறகு, வாக்கு மோசடி நடந்தது என்ற ஆதாரமில்லாத பேச்சுகளுக்கு என்டிடி சேர்ந்துள்ள ஊடகக் குழுமம் தாராளமாக இடம் கொடுத்தது. சீனத்தில் பொய்யை எதிர்த்துப் பிறந்த ஒரு நிறுவனம் அமெரிக்காவில் இன்னொரு பொய்க்கு மேடை போட்டது எனக்கு இன்றும் வலிக்கிறது. 2024 ஜூனில், அதே குழுமத்தின் ‘எபோக் டைம்ஸ்’ பத்திரிகையின் நிதித் தலைவர் மீது, குறைந்தது 6.7 கோடி டாலர் சட்டவிரோதப் பணத்தைச் சுழற்றியதாக அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. அவர் குற்றத்தை மறுத்தார். நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில், வெளியார் பார்க்க, வழக்கறிஞர் வைத்து வாதாட முடிகிற வழக்கு அது. சாங்சுன் 15 பேருக்குக் கிடைக்காதது.

பிறகு ஏன் பாராட்டினேன்? வெளிநாட்டுச் சீனருக்குப் பெய்ஜிங்கின் அனுமதியில்லாமல் செய்தி சொல்லும் வாய்கள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. இதற்கு எப்போதும் மிரட்டல் தேவைப்படுவதில்லை. அந்தந்த ஊரிலேயே சீனர்களுக்காக நடத்தப்படும் சேனல்கள் உண்டு. சான் பிரான்சிஸ்கோவின் கேடிஎஸ்எஃப் 1989இல் கான்டனீஸ் மொழியில் நேரடிச் செய்தி தொடங்கியது. சில மாதங்களில் தியானன்மென் வந்தது. கனடாவில் 1993இலிருந்து ஃபேர்சைல்ட் இருக்கிறது. இத்தகைய சேனல்களின் விளம்பரதாரர்கள் யார்? இறக்குமதி வணிகர், பயண முகவர், வீட்டுமனை விற்பவர். சீனத்தோடு வியாபாரம் உள்ளவர் சீனத்துக்குப் பிடிக்காத சேனலில் விளம்பரம் கொடுக்கத் தயங்குவார். அந்த இடைவெளியில் சீன அரசின் நிகழ்ச்சிகள் மலிவாகவோ இலவசமாகவோ வந்து இறங்கும். ‘இரவல் படகில் கடலுக்குப் போவது’ என்று அந்தப் பிரசாரத் துறையினரே இந்த முறைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். படகு உள்ளூர்க்காரருடையது, சரக்கு பெய்ஜிங்குடையது.

அரசுப் பணம் இன்னொரு வகை ஆபத்து. 1996இல் அமெரிக்க நிதியில் தொடங்கிய ‘ரேடியோ ஃப்ரீ ஏஷியா’ மாண்டரின், கான்டனீஸ், திபெத்தியம், உய்குர் மொழிகளில் செய்தி தந்தது. 2025 மார்ச்சில் வாஷிங்டனில் ஒரு கையெழுத்து, நிதி நின்றது, பெரும்பாலான ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பெய்ஜிங் முப்பது ஆண்டு முயன்றும் செய்ய முடியாததைச் சொந்த முதலாளி ஒரே வாரத்தில் செய்து முடித்தார். ஹாங்காங்கிலோ 2021 ஜூனில் ‘ஆப்பிள் டெய்லி’ என்ற ஜனநாயக ஆதரவு நாளிதழ் மூடப்பட்டது. அங்கிருந்து வெளியேறிய நிருபர்கள் பிரிட்டனிலும் கனடாவிலும் தைவானிலும் யூட்யூப் சேனல் வைத்து, நேயர்கள் தரும் சந்தாவில் பிழைக்கிறார்கள். ‘சுதந்திரம்’ என்ற சொல் அட்சரம் பிசகாமல் பொருந்துவது அவர்களுக்குத்தான். அவர்களைப் பற்றி நான் எழுதாமல் விட்டதே என் கட்டுரையின் பெரிய குறை.

உங்கள் தெருச் சீனர்கள் இந்த இரண்டு சேனல்களையும் பார்ப்பதில்லை என்கிறீர்கள். நம்புகிறேன். என்ன பார்க்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வீசாட் என்ற சீனக் குறுஞ்செய்திச் செயலி என்பார்கள். டொரோன்டோ பல்கலைக்கழகத்தின் ‘சிட்டிசன் லேப்’ 2016இல் கண்டுபிடித்துச் சொன்னது இது: சீன எண்ணில் பதிவு செய்த வீசாட் கணக்கு, அதன் உரிமையாளர் வெளிநாடு போய் எண்ணை மாற்றிக்கொண்ட பிறகும் சீனத் தணிக்கையின் கீழேயே இருக்கும். தடை செய்யப்பட்ட சொல் உள்ள செய்தி போய்ச் சேராது. சேரவில்லை என்பதும் அனுப்பியவருக்குத் தெரியாது. ஆக, அவர்கள் இரண்டையும் பார்க்காமல் நடுநிலையில் இருக்கிறார்கள் என்ற உங்கள் முடிவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

அடுத்த இதழிலிருந்து என்டிடி பெயர் வரும் இடமெல்லாம் ‘ஃபாலுன் காங் பயிற்சியாளர்கள் தொடங்கிய’ என்ற அடைமொழியோடு வரும். சிசிடிவி-4 பெயரும் ‘சீன அரசு நடத்தும்’ என்ற அடைமொழி இல்லாமல் இந்தப் பத்திரிகையில் வராது.